முழங்கையின் வெளிப்பக்கம்

யோகேஸ்வரியின் கையில் ஐந்து விரல் அச்சு பதிந்திருந்ததை முதலில் பார்த்தவன் அவளுடைய அண்ணன் ஆனந்தன்தான். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் அவளுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் சோற்றைப் பிசைய முடியாமல் விரல் நுனியால் கோழி கிளறுவதுபோலக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சோறு துண்றதுக்குக் கூலி கேக்குறியா இன்னா?" என்று கேலி செய்யத்தான் குனிந்தான். ரவிக்கைக் கைக்குக் கீழே, முன்கையின் வெளிப்பக்கத்தில் கருநீலமாக நான்கு பட்டைகள் தெரிந்தன. உள்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று. ஆனந்தன் இலையை மூடிவிட்டு எழுந்து வந்து அந்தக் கையைத் தூக்கினான். தூக்கியதுதான் தாமதம், அவள் "அம்மா" என்று கத்திவிட்டாள். பந்தி முழுக்கத் திரும்பியது.

"யாரு புட்ச்சது இது?"

"அத்ததான்ணா. சுளுக்குன்னு எண்ணெ போட்டு வழிச்சாங்க."

"சுளுக்கு எப்டி வந்திச்சு?"

"ஓட்டல்ல மாப்பு புழிஞ்சி புழிஞ்சி."

"போன தபா கன்னம் வீங்கினப்ப பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன்ன. இந்த தபா மாப்பா? நான் இன்னா கேனயனா?"

கைகழுவும் குழாயடியில் நின்ற அவள் கணவன் தணிகைவேலின் சட்டையை ஆனந்தன் கொத்தாகப் பிடித்தான். "மச்சான்னு பாக்குறேன். இல்லாங்காட்டி இங்கியே தோல உரிச்சிடுவேன்." தணிகைவேல் ஈரக்கையோடு விழித்தான். "மச்சான், சாமி சத்தியமா நான் தொடல" என்றான். யாரும் கேட்கவில்லை.

'அவர் இல்லை' என்று கத்தியிருக்க வேண்டிய யோகேஸ்வரி கத்தவில்லை. நாலு பேர் பார்க்க அவன் சட்டை கசங்கியபோது அவளுக்கு உள்ளே ஒரு கணம் இனித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அறைந்த அறைக்கு இன்றைக்காவது யாரோ கேட்கிறார்கள் என்ற இனிப்பு. அடுத்த கணமே, இன்றைக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை என்பது உறைத்தது. இலையிலிருந்த பாயசத்தை அவள் தொடவில்லை.

அந்த அச்சு உண்மையிலேயே மாமியார் சொர்ணத்தின் விரல்களுடையதுதான். ஆனால் சொர்ணம் வழிக்கும்படி ஆனது எப்படி என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

யோகேஸ்வரி மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. ஈசிஆர் சாலையில் ஒரு கடற்கரை ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. மகள் பவானி காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஓட்டலின் பின்புறம் சவுக்குமரங்களை ஒட்டி ஒரு ஷட்டில் கோர்ட்டு உண்டு. ஆள் வராத ஒரு திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் ஜாக்குலின், யாரோ விட்டுப்போன இரண்டு மட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜாக்குலினுக்குப் படாளம் பக்கம் ஊர். பள்ளிக்கூடத்தில் ஆடியவள்.

"இந்தாக்கா, சும்மா நாலு தட்டு."

முதல் மூன்று பந்தும் யோகேஸ்வரியின் தலைக்கு மேலே போயின. நாலாவது மட்டையின் நடுவில் பட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. அப்படி ஒன்றை முப்பத்தெட்டு வயதில் அவள் கை அதற்கு முன் அறிந்ததில்லை.

இறகுப்பந்தின் குணம் விசித்திரமானது. எந்தப் பக்கம் அடித்தாலும் காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தக்கையை முன்னால் திருப்பிக்கொள்ளும். புயல்போலக் கிளம்பும், இறகுகள் காற்றைப் பிடித்துக்கொள்ள, பாதியிலேயே சோர்ந்து தொப்பென்று விழும். எங்கே விழும் என்பதைக் கணக்கு வைத்து ஓட வேண்டும். கடற்காற்று வேறு அதை இழுக்கும். காற்றின் போக்கைப் பார்த்தே வளர்ந்த யோகேஸ்வரிக்கு இந்தக் கணக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டது. மூன்றாம் மாதம் ஜாக்குலினை ஜெயித்தாள்.

மூன்று மணிக்கு வேலை முடியும். ஜாக்குலின் மகனுடைய டி-ஷர்ட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு நாலரைவரை ஆட்டம். பிறகு முகம் கழுவி, புடவை மாற்றி, ஷேர் ஆட்டோ. வீட்டில் "ஓவர்டைம்" என்று சொல்லி வைத்திருந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொர்ணம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பாள். மீன் ஆய்ந்து வைத்திருப்பாள். "பாவம், மாடாட்டம் வேல வாங்குறானுங்க" என்று மருமகளுக்கு டீ போட்டுத் தருவாள். அந்த டீயைக் குடிக்கும்போதெல்லாம் யோகேஸ்வரி சுவரைப் பார்த்துக் குடிப்பாள். மறுநாள் மூன்று மணிக்குக் கால் தானாகக் கோர்ட்டுக்குப் போய்விடும்.

ஆறாம் மாதம் கை பிடித்துக்கொண்டது. முதலில் பக்கெட்டைத் தூக்கும்போது முழங்கையில் ஒரு சுருக். பிறகு கதவுப்பிடியைத் திருகினால், டம்ளரை எடுத்தால், சீப்பைப் பிடித்தால் என்று வளர்ந்தது. வீக்கமும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. வலி மட்டும் வெளிப்பக்க எலும்பு மொட்டில் ஆணி அடித்ததுபோல நின்றது.

செங்கல்பட்டில் பிசியோதெரபி பார்க்கும் பூபாலனிடம் ஜாக்குலின்தான் அனுப்பினாள். அவர் யோகேஸ்வரியின் கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் கீழே அழுத்தி, "அழுத்த விடாம எதிர்த்துத் தூக்குங்க" என்றார். தூக்கினாள். அழுத்தியது விரலில், வலித்தது முழங்கையில்.

"பாத்தீங்களா? மணிக்கட்ட மேல தூக்குற தசைங்க எல்லாம் முன்கை வழியா வந்து இந்தச் சின்ன எலும்புல ஒரே எடத்துல கட்டியிருக்கு. எந்த ஊரு நீங்க, குப்பமா? அப்ப சுலபமா புரியும். வலையில ஆயிரம் கண்ணு இருந்தாலும் பாரம் பூரா ஒரு முடிச்சுல வந்து நிக்குது இல்ல? அந்த முடிச்சு இது. தெனமும் வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா நூல் நூலா பிரிஞ்சிபோகும். ஆறதுக்குள்ள மறுபடி இழுத்தா மறுபடி பிரியும்."

அவருக்குச் சொல்வதில் உற்சாகம் வந்துவிட்டது. தன் கையிலேயே காட்டினார். "கோல்ஃப் ஆடுறவங்களுக்கு உள்பக்கத்து எலும்புல வரும். பந்து மட்ட பிடிக்கிறவங்களுக்கு வெளிப்பக்கம். புறங்கையால திருப்பி அடிக்கிறாங்க இல்ல, அதுல. அதுவும் மட்டைய இறுக்கிப் பிடிச்சா கேக்கவே வேணாம். குருவிய பிடிக்கிற மாதிரி பிடிக்கணும், பறந்தும் போவக் கூடாது, செத்தும் போவக் கூடாது. நீங்க என்ன விளையாடுவீங்க?"

யோகேஸ்வரி மட்டையை மீன்வெட்டும் கத்திபோலத்தான் பிடிப்பாள். புறங்கை அடிதான் அவளுக்கு உயிர்.

"வெளையாட்டா? நான் மாப்பு போடுறவ சார்."

பூபாலன் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே காய்ப்பு ஏறியிருந்தது. "மாப்பு போடுறவங்களுக்கும் வரும். கொத்தனாரு, பரோட்டா மாஸ்டரு எல்லாரும் வராங்க. பேருதான் டென்னிஸ் எல்போ" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஆகலாம் என்றார். முன்கையில் கட்ட ஒரு பட்டையும், கால் கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிடித்து மெல்ல இறக்கும் பயிற்சியும் சொன்னார். முக்கியமாக, "யாரும் எண்ணெ போட்டு அமுக்கக் கூடாது" என்றார்.

டென்னிஸ் என்ற சொல்லோடு அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்குத் தைரியம் வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டாள். வீட்டில் "சுளுக்காம்" என்றாள். சுளுக்கு என்று சொன்ன பிறகு, வழிக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொர்ணம் விளக்கெண்ணெயைச் சூடாக்கி, முப்பது வருஷம் மீன்கூடை தூக்கிய கையால் பிடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வழித்தாள். "கத்து, கத்து, கத்தினாதான் சுளுக்கு போவும்" என்று இன்னும் அழுத்தினாள். மறுநாள் ஐந்து விரல் அச்சும் கருநீலமாக எழும்பியிருந்தன. அதற்கு மறுநாள் காதுகுத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தைக் கூட்டும்படி ஆனந்தன் சொல்லிவிட்டான். குப்பத்தில் பெண்டாட்டியை அடித்தது நிரூபணமானால் ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்பும் ஆனந்தன் இதே புகாரோடு வந்து நின்றவன்தான். யோகேஸ்வரி வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல, அது பொய்யென்று தெரிந்தே பஞ்சாயத்து கலைந்தது. அதனால் இப்போது அவள் சொல்லும் நிஜமும் அந்தப் பழைய பொய்யின் குரலிலேயே எல்லார் காதிலும் விழுந்தது.

ஐப்பசி முதல் மழை பெய்து இறால் பட ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தணிகைவேல் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஊசியை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

"படகுல எனக்கு பதிலா வேற ஆள் பாத்துட்டானுங்க. பஞ்சாயத்து நாளிக்கிதான். அதுக்குள்ள முடிவு பண்ட்டானுங்க."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், இடது கையால்.

"ராஜம் இன்னா சொல்லிகினு திரியறா தெரியுமா? உங்க ஓட்டல்ல மாப்பு புழியறதுக்கு மிஷின் கீதாம். பக்கெட்டுலயே மிதிச்சா போதுமாம். கையாலயே புழிய வேணாமாம். அவ அங்க லாண்டிரில கீறா, அவளுக்குத் தெரியாதா? மாப்புன்னு நீ சொல்லச் சொல்ல என் கழுத்துலதான் சுருக்கு ஏறுது. நான் உன்ன தொட்டனா?"

"இல்ல."

"அப்ப எப்டிதான் வந்திச்சு உனுக்கு?"

சொல்லியிருக்கலாம். வாசலில் அவர்கள் இரண்டு பேர்தான். உள்ளே சொர்ணம், யோகேஸ்வரியின் பங்குக்கு மீன் ஆயும் சத்தம் கேட்டது. செதில் சுரண்டும் சத்தம், நடுவில் இடுப்பு வலிக்கு ஒரு முனகல்.

"தெரில" என்றாள்.

"பேஜாரா போச்சு" என்று அவன் வலையை அப்படியே சுருட்டினான்.

ஞாயிறு நாலு மணிக்கு மீன் ஏலக் கொட்டகையில் கூடினார்கள். தலைவர் கோபாலகிருஷ்ணன் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்தில் நாலைந்து காலி நாற்காலிகள். ஆண்கள் சுற்றிலும் தரையில். பெண்கள் கொட்டகைக்கு வெளியே, நிழல் விழுந்த பக்கம். ஆனந்தன் புகாரைச் சொன்னான். சொர்ணம் வெளியிலிருந்தே, "நான் வழிச்சதுப்பா அது, என் வெரலு" என்று கையை விரித்துக் காட்டினாள்.

"பெத்தவ புள்ளய காட்டியா குடுப்பா?" என்றது ஒரு குரல்.

"தணிகைவேலு, நீ இன்னா சொல்ற?"

"அடிக்கல அண்ணாத்த. மாப்பு புழிஞ்சி..."

வெளியே ராஜம் சிரித்தது உள்ளே கேட்டது. தணிகைவேல் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் மனைவி என்ன சொல்லிக் கொடுத்தாளோ அதுதான் அவனிடம் இருந்தது. குற்றவாளி மாதிரியே தலை குனிந்து நின்றான்.

யோகேஸ்வரி கொட்டகைக்குள் காலை வைத்தாள்.

"இன்னாமே, பொம்பளைங்க உள்ள வர்றதில்லன்னு தெரியாதா?"

"ஓரமா நின்னு சொல்லிட்டுப் போறேன். மாப்பு இல்ல. அது பொய். ஷட்டில் ஆடினேன்."

"இன்னாது?"

"ஷட்டில். எறகுப்பந்து. ஓட்டல் பின்னால கோர்ட்டு கீது. டெய்லி ஒன்ற மணி நேரம். ஆறு மாசமா."

யாரோ களுக்கென்று சிரிக்க, கொட்டகையே சிரித்தது.

"பொடவயிலயா?"

"பேன்ட்டு, டி-ஷர்ட்டு. ஜாக்குலினோட புள்ளது."

"யாரோட ஆட்டம்?"

"ஜாக்குலினோட. ராஜத்தக் கேளுங்க, ஜாக்குலினு யாருன்னு அதுக்குத் தெரியும்."

காது இரண்டும் எரிந்தன. கூட்டத்தில் அவள் ஒரு முகத்தைத்தான் பார்க்காமல் தவிர்த்தாள். கடைசியில் அதையும் பார்க்க வேண்டியதாயிற்று. சொர்ணம் இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். "ஓவர்டைம்னு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொய்தான் அத்த."

சொர்ணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆனந்தன் விடவில்லை. "புருஷன காப்பாத்த புதுசா கத வுடுறா. பந்தாடினா கை இப்டி ஆவுமா?"

"ஆவும்ணா. இந்தா பாரு." அவள் காலி நாற்காலி ஒன்றின் முன்னால் போய் நின்றாள். பூபாலன் அன்று நாற்காலியைத் தூக்கவைத்தும் சோதித்திருந்தார்; அதை அப்படியே செய்தாள். உள்ளங்கை மேலே பார்க்க, நாற்காலியின் முதுகை அடியிலிருந்து பிடித்துத் தூக்கினாள். சிரமமில்லாமல் வந்தது. பிறகு உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்கினாள். ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "அடிபட்ட கைன்னா எப்டி தூக்கினாலும் வலிக்கும். இது மணிக்கட்ட மேல தூக்குற நரம்பு. அது போய் கைமுட்டியில கட்டிகினு கீது. அங்க பிரிஞ்சிபோச்சி. அது செய்ற வேலைக்கு மட்டும்தான் வலிக்கும்."

கோபாலகிருஷ்ணன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து அதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை கீழே. முகம் சுளித்தது. இன்னொரு தரம் பார்த்தார்.

"அட, எனுக்கும் கீதுப்பா!"

"தலைவரே, நீ எங்க ஷட்டில் ஆடின?"

மறுபடி சிரிப்பு. வலை இழுக்கிற நாலைந்து பேர் எழுந்து ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்க ஆரம்பித்தார்கள். மூன்று பேருக்கு வலித்தது. "இத்தினி நாளு வாயுன்னு நெனச்சிகினு கீறேன்" என்றார் ஒருவர். பஞ்சாயத்து என்பதே மறந்து ஒருவர் முழங்கையை ஒருவர் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகைவேல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். வாரம் முழுவதும் ஊர் துப்பிய துப்பல் ஒன்றுமில்லாமல் போனது அவனுக்கு இன்னும் புரியவில்லைபோல இருந்தது.

"சரி, முடிஞ்சிது. தணிகைவேலு மேல குத்தம் இல்ல. நாளிக்கி கடலுக்குப் போ" என்றார் கோபாலகிருஷ்ணன்.

அவமானம் இப்போது ஆனந்தன் பக்கம் திரும்பியிருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எழுந்து துண்டை உதறியவன், போகிற போக்கில் வாயை விட்டான். "அப்ப நாலு வருசம் முன்ன கன்னம் வீங்கிச்சே, அது இன்னா ஆட்டம்மா? அதையும் சொல்லிடு, ஊரு கேக்கட்டும்."

கேலிக்குத்தான் கேட்டான். நாற்காலிகள் கீழே இறங்கின.

வழுக்கி விழுந்தேன் என்ற சொல் யோகேஸ்வரியின் நாக்கில் தயாராக இருந்தது. பழகின சொல். அதைச் சொன்னால் நாளை தணிகைவேல் படகில் ஏறலாம். ஆறு மாதம் பொய் சொல்லி அவனை இங்கே நிறுத்தியவள் அவள்தானே, இந்த ஒன்றையாவது அவனுக்காகச் சொல்லலாம். அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடியே, "கேக்குறாங்க இல்ல, சொல்லு" என்றான்.

"அவுரு அடிச்சாரு" என்றாள். "கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு கேட்டாரு, நான் எதிர்த்துப் பேசினேன், அடிச்சாரு. நான்தான் வழுக்கி வுழுந்தேன்னு சொன்னேன்."

கோபாலகிருஷ்ணன் தணிகைவேலைப் பார்த்தார்.

"ஆமா" என்றான் அவன்.

பேசி முடிக்கக் கொஞ்ச நேரமானது. பழைய சங்கதி என்று சிலர். பழசானால் சரியாகிவிடுமா என்று வெளியிலிருந்து பெண்கள் குரல், அதில் ராஜத்தின் குரல்தான் உரக்கக் கேட்டது. பதினைந்து நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவானது. ஆனந்தன் துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே பிசைந்துகொண்டிருந்தான். தங்கையிடம் வந்து, "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு நடந்தார்கள். வந்ததும் சொர்ணம் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. யோகேஸ்வரி இடது இடுப்பில் வைத்து இரண்டு நடை கொண்டுவந்தாள். சங்கரா மீன் நாலு இருந்தது. ஆய்ந்தாள். மிளகாய்த் தூளை எடுத்து வைத்தாள். ஊறவைத்த புளியைக் கரைக்கும்போதுதான் கை நின்றுவிட்டது. பிழிகிற வேலைக்குத்தான் அந்த நரம்பு வேண்டும். பல்லைக் கடித்து இரண்டு தரம் முயன்றாள்.

தணிகைவேல் வாசல்படியிலிருந்து எழுந்து வந்து கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து பிசைந்தான். அவளும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கி வுழுந்தேன்னு சொன்னியே" என்றான் கொஞ்சம் கழித்து. "நான் அத நம்பிட்டேன்மே. மொதல்ல ஊருக்காவ தலையாட்டினேன். அப்பால நெசமாவே நீ வழுக்கி வுழுந்தாப்லயே ஆயிப்போச்சி எனுக்கு. மச்சான் சட்டைய புடிச்சப்ப, நான் கைநீட்டாத ஆளு, என்ன போய்ன்னுதான் அழுவாச்சி வந்திச்சு. இன்னிக்கி நீ உப்புன்ன பாரு, அப்பதான் அந்தக் கொழம்பு நெனப்புக்கு வந்திச்சு."

யோகேஸ்வரி காதுகுத்துப் பந்தியில் தனக்கு இனித்ததைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதைச் சொல்வதற்கு முகம் வரவில்லை.

அவன் சக்கையை எடுத்து எறியப் போனான்.

"எறியாத" என்றாள். "இன்னும் புளிப்பு கீது. தண்ணி ஊத்தி இன்னொரு தபா புழி."